மறு: ஹியூமிடோர் – ‘ஈரப்பெட்டி’யா, ‘பதங்காப்புப் பேழை’யா?

அன்புடையீர், வணக்கம்.

சுருட்டுகளைச் சேமித்து வைக்கும் ஹியூமிடோர் என்ற பெட்டிக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை வந்துள்ள முன்மொழிவுகளுள் ‘ஈரப்பெட்டி’ என்பதற்கே ஆதரவு மிகுதியாக இருப்பதைக் காண்கிறேன். சொல் சிறியது, நாவில் எளிதாக நிற்பது. ஆயினும் அதை ஏற்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனது மறுப்புக்குக் காரணம் இலக்கணம் அன்று. அந்தப் பெட்டி செய்யும் வேலையே காரணம்.

நல்ல சுருட்டை 65 முதல் 70 சதவீதச் சாரீரப்பதனிலும் 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் வைத்திருக்கவேண்டும் என்பது இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. (தமிழக நண்பர்களுக்கு: நீங்கள் ஒப்பு ஈரப்பதம் என்பதையே நாங்கள் பாடசாலையில் சாரீரப்பதன் என்று படித்தோம்.) இலண்டனிலோ தொறொன்ரோவிலோ குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்று மிகவும் உலர்ந்துவிடுவதால், அங்கே பெட்டி சுருட்டுக்கு ஈரத்தை ஊட்டவேண்டியிருக்கிறது. கொழும்பில் நிலைமை நேர்மாறு. இங்கே ஆண்டு முழுவதும் வெப்பநிலை 27 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஈரப்பதனோ பெரும்பாலான நாள்களில் 75 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வெள்ளவத்தையில் கடற்பக்கம் யன்னல் உள்ள அறையொன்றில், ஐப்பசி மழை விட்ட மாலையில் மேசைமேல் உள்ள ஈரமானியைப் பார்த்தால் ஊசி 85ஐத் தொட்டு நிற்கும். அதே அறையில் இரவு முழுவதும் குளிரூட்டி ஓடினால், விடியும்போது அது 60க்கு இறங்கியிருக்கும்.

சுருட்டைக் கெடுப்பது இந்த ஏற்ற இறக்கமே. உள்ளே செறித்த இலை ஈரத்தை உறிஞ்சி வீங்கும்போது, மேலே சுற்றிய மெல்லிய இலை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பற்றவைக்கும் முனையிலிருந்து நீளவாக்கில் வெடிக்கிறது. வெடிக்காமல் தப்பியதையும் பற்றவைத்தால் இழுவை இறுகியிருக்கும், ஒரு பக்கம் மட்டும் எரியும், அடிக்கடி அணையும். மிகவும் உலர்ந்ததோ வேகமாக எரிந்து, புகை சூடேறி, இலைக்குரிய மணத்தை இழந்துவிடும். வெப்பம் 25 பாகையைக் கடந்து நீடித்தால் வேறோர் இடரும் உண்டு: இலையில் ஒட்டிவந்த புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். எங்கள் சமையலறையில் மஞ்சளையும் மல்லியையும் துளைக்கின்ற சிறு பழுப்பு வண்டும் இதுவே. ஒரு சுருட்டில் ஊசித்துளை தென்பட்டாலும் பெட்டி முழுவதையும் சந்தேகிக்கவேண்டும். அனுபவமுள்ளோர் எல்லாவற்றையும் பையில் இறுகக் கட்டி உறைகுளிரில் சில நாள் வைத்து, பின்னர் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மெல்ல மெல்ல அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருவர்.

இந்நிலையில் ‘ஈரப்பெட்டி’ என்று படிக்கும் புதியவர் ஒருவர் என்ன செய்வார்? பஞ்சை நனைத்து உள்ளே வைப்பார். கொழும்பில் அப்படிச் செய்தால் பூஞ்சணம் பிடிப்பதற்கு நெடுநாள் வேண்டாம். தான் குறிக்கும் பொருளைப் பிழையாகக் கையாளத் தூண்டும் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கலைச்சொல் ஆகாது என்பதே எனது உறுதியான கருத்து. மற்றொரு நண்பர் தந்த ‘சுருட்டுப் பேழை’ கடையில் சுருட்டு அடுக்கி விற்கும் எந்தப் பெட்டிக்கும் பொருந்துமாதலால் அதையும் விட்டுவிடலாம்.

நமக்கு வேண்டிய சொல் புகையிலையோடு பழகிய கைகளிடமே இருக்கிறது. நன்றாக உலர்ந்த புகையிலையை நண்பகலில் தொட்டால் நொறுங்கிவிடும். ஈரமாக அடுக்கினால் அழுகிவிடும். அதிகாலைப் பனியில் இலை சற்றுத் துவண்டு, மடித்தாலும் முறியாத நிலைக்கு வரும்போது அதை எடுத்து அடுக்கவேண்டும். அந்த நிலைக்குத் தமிழில் பதம் என்று பெயர். ஈரம் கூடினாலும் பதம் தவறும், குறைந்தாலும் பதம் தவறும். ஹியூமிடோர் காப்பது இதைத்தான். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டிய மரபையும், கியூபாவின் தொழிற்சாலைகளில் 1865 முதல் வாசிப்பாளர்கள் அமர்த்தப்பட்ட மரபையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இத்தொழிலை இவ்வளவு நெருக்கமாக அறிந்த மொழி அதற்கான சொல்லை வெளியே தேடவேண்டியதில்லை.

ஆகவே ‘பதங்காப்புப் பேழை’ என்று முன்மொழிகிறேன். முதலில் ‘பதப்பேழை’ என்ற குறுகிய வடிவமே மனத்தில் வந்தது. ஆனால் பதம் என்பதற்குச் சொல் என்ற பொருளும் இருப்பதால், அகராதியின் பெயர் போல அது ஒலிக்கக்கூடும். ‘காப்பு’ சேர்ந்தால் அந்த மயக்கம் நீங்குவதோடு, பெட்டியின் தொழிலும் வெளிப்படுகிறது. பெரியவற்றுக்குப் பதங்காப்பு அலுமாரி, பதங்காப்பு அறை என்று விரித்துக்கொள்ளலாம். ஒளிப்படக் கருவிகளின் வில்லைகளில் பூஞ்சணம் படராமல் கொழும்பில் பலர் வைத்திருக்கும் மின் அலுமாரிக்கும் இதே சொல் பொருந்தும். அதன் பதம் 40 முதல் 50 சதவீதம், சுருட்டின் பதம் 65 முதல் 70. பொருளுக்கு ஏற்பப் பதம் மாறுமேயன்றிச் சொல் மாறவேண்டியதில்லை. ‘ஈரப்பெட்டி’ என்றால் இந்த வசதி கிடைக்காது.

புதிய மரப்பேழையைப் பயன்பாட்டுக்குத் தயார்செய்வதை நமது சொற்பட்டியலில் ‘ஈரமூட்டல்’ என்று குறித்திருப்பதும் திருத்தத்துக்குரியது. குளிர்நாட்டில் உலர்ந்த மரம் சுருட்டின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே அதற்கு ஈரம் தருகிறார்கள். இங்கே மரம் ஏற்கெனவே ஈரம் குடித்திருப்பதால் அதைப் பெரும்பாலும் கீழே இறக்கவேண்டியிருக்கும். புதிய மண்சட்டியைப் பழக்குவது போலப் பேழையையும் ‘பழக்குதல்’ என்றால் ஏற்றலும் இறக்கலும் இரண்டும் அடங்கும்.

பேழையின் உட்புறத்தில் பதிக்கும் மரத்துக்கு அதே பட்டியலில் ‘எசுப்பானியத் தேவதாரு’ என்று எழுதப்பட்டுள்ளது. அம்மரம் எசுப்பானியாவுக்கும் உரியதன்று, தேவதாருவும் அன்று. அது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செட்ரெலா ஒடோராட்டா. வேம்பும் மகோகனியும் அடங்கிய மீலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கில வழக்கின் பிழையை நாம் மொழிபெயர்த்துச் சுமக்காமல் ‘செட்ரெலா மரம்’ என்றே எழுதுவோம்.

புகையிலை சார்ந்த பொழுதுபோக்குக்குச் சொல்லாக்கம் தேவையா என்று கேட்ட அம்மையாருக்கு: புகையிலையின் தீங்கை நானும் மறுக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் புகையிலை விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தோருக்கான விற்பனையையும் தடைசெய்திருப்பது சரியானதே. கலைச்சொல் விளம்பரம் அன்று. தீங்கைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கும் பொருள்களின் பெயர்கள் வேண்டும்.

எஞ்சியிருப்பது ஒரு பொருள். உப்பின் செறிவான கரைசலை நீராவி மட்டும் ஊடுருவும் உறைக்குள் அடைத்த சிறு பை, சூழலில் ஈரம் மிகுந்தால் உறிஞ்சியும் குறைந்தால் வெளிவிட்டும் குறித்த அளவில் நிறுத்துகிறது. சாதாரணக் கறியுப்பின் நிறைந்த கரைசல் 75 சதவீதத்தில் நிற்கும் என்பதால் அதைக்கொண்டே ஈரமானிகளைச் சரிபார்க்கிறோம், தத்துவம் ஒன்றுதான். இந்தப் பைக்கு ‘ஈரச்சமன் பொதி’ என்பது எனது முன்மொழிவு. ‘பொதி’ என்றால் பெருஞ்சுமை என்று கொள்வோர் உங்களுள் இருந்தால் ‘ஈரச்சமன் பை’ எனலாம். இவ்விரண்டில் எதைப் பட்டியலில் சேர்ப்பது என்று, குறிப்பாக மட்டக்களப்பு, மலையக நண்பர்கள், தங்கள் வழக்கையும் குறிப்பிட்டு எழுதவேண்டுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் உறுப்பினர்