வெட்டு எந்தப் பக்கம் சரிய வேண்டும்?

பட்டர்வொர்த் வாசி:

அருங்காட்சியகத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது பினாங்கில் நடந்த ஒரு சின்னக் கண்காட்சி. தோட்ட வாழ்க்கை பற்றியது. செபராங் பிறை ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய ஆறு பெண்களை வடிவமைப்புக் குழுவிலேயே சேர்த்திருந்தார்கள். மொழிபெயர்ப்பதும் தேநீர் வாங்கி வருவதும் என் வேலை.

முதல் நாள், கூடத்தின் நடுவில் மாதிரி ரப்பர் மரம் ஒன்று நின்றது. பட்டைக்கு அச்சு அசலாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் அதைச் சுற்றி வந்து, வெட்டுக்கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இந்த மரத்தை வெட்டியது யார்? கங்காணி பார்த்தால் சும்மா விடமாட்டாரே" என்றார்.

கோடு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. இருக்க வேண்டியது நேர்மாறாக. பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அம்மா இதையெல்லாம் படித்ததில்லை. "அப்படி வெட்டினால் பால் குறையும்" என்று மட்டும் சொன்னார். யாரோ புகைப்படத்தைக் கணினியில் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிற்பியும் செதுக்கிவிட்டார். மரத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

சுவர் வாசகம் 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கியது. பெண்கள் பெரட்டிலிருந்து, அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்திலிருந்து, தொடங்கச் சொன்னார்கள். இருட்டில் மணி அடிக்கும். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். 1877 நான்காவது பலகைக்குப் போனது. வரலாற்று ஆய்வாளரின் முகம் சுருங்கியது. ஆண்டு வரிசை கலைந்தால் பள்ளிப் பிள்ளைகள் குழம்புவார்கள் என்றார்; அவர் பக்கமும் நியாயம் உண்டு.

பெரிய சண்டை காண்டாவுக்காக. தோளில் குறுக்காக வைத்து இரு முனையிலும் பால்வாளி தொங்கவிடும் கம்பு அது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் குச்சி, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். பழைய மரத்தில் பலர் கை படக்கூடாது என்றார் பழம்பொருள்களைப் பாதுகாப்பவர். கடைசியில் பழையது பெட்டிக்குள் போனது. தச்சர் செய்த புதியது, தண்ணீர் நிறைத்த வாளிகளோடு வெளியே நின்றது. அதற்கு முன் அட்டைப்பெட்டிகளைத் தரையில் அடுக்கி எது எங்கே என்று இரண்டு நாள் நகர்த்திக்கொண்டிருந்தோம். இந்த அட்டை உத்தி புதிதல்ல என்றார் வடிவமைப்பாளர். 1980களில் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் யுடோபியா என்ற திட்டத்தில், வெறும் பெட்டியை லேசர் பிரிண்டராகப் பாவித்துத் தங்கள் வருங்கால வேலையை ஒத்திகை பார்த்தார்களாம்.

செந்தூல்காரர்:

உங்களுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் ரயில்வே குடும்பங்கள் என்று எங்களை அழைத்தது. மஞ்சள் ஒட்டுத்தாள்களில் எழுதச் சொன்னார்கள், எழுதினோம். நாசி லெமாக் தந்தார்கள், குழுப்படம் எடுத்தார்கள். திறப்பு விழாவில் நாங்கள் எழுதியதில் ஒரு வரியும் இல்லை. குழுப்படம் மட்டும் நுழைவாயிலில் பெரிதாக இருந்தது. தமிழ்ப் பலகையில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நின்றன. அச்சுக்குப் போகும் முன் எங்களில் ஒருவரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி ஏணி ஒன்று வரைந்தார்; மேலே போகப் போக மக்கள் கையில் அதிகாரம் கூடும். கலந்தாலோசனை அதில் நான்காம் படி. ஒப்புக்குச் செய்யும் படிகளில் ஒன்றாகவே அதை வைத்தார். பங்காளியாக நடத்துவது ஆறாம் படி. 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் உலக அருங்காட்சியக மன்றம் ஏற்ற புதிய வரையறையிலேயே சமூகங்களின் பங்கேற்பு வந்துவிட்டது. எங்கள் ஒட்டுத்தாள்கள் எந்தக் குப்பைத்தொட்டியில் இருக்கின்றனவோ!

ஜார்ஜ்டவுன் மருமகள்:

என் மாமியார் இந்தியாவிலிருந்து ராஜூலா கப்பலில் வந்தவர். தகரப் பெட்டியையும் அதற்குள் இருந்த ஒரு கடிதத்தையும் கண்காட்சிக்குக் கேட்டார்கள். கடிதத்தில் குடும்பச் சண்டை இருக்கிறது. மாமியார் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. குழுவிலிருந்த பெண் அவசரப்படுத்தாமல் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிவிட்டுப் போனார். பிறகு மாமியாரே முடிவு சொன்னார்: உறையை வைக்கலாம், கடிதம் வேண்டாம். விளக்கப் பலகையில் "கடிதம் குடும்பத்தாரிடம் உள்ளது" என்று எழுதினார்கள். பார்க்க வருகிறவர்கள் அந்த உறையின் முன்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். மாமியாருக்கு அதில் ஒரே சிரிப்பு.

பட்டர்வொர்த் வாசி:

செந்தூல்காரரே, எங்கள் பலகையிலும் முதல் அச்சில் கொம்பு தனியாகத்தான் நின்றது. அந்த எழுபத்தெட்டு வயது அம்மாதான் அதையும் பிடித்தார்.