சேலை விளம்பரத்துல மாடல் படத்தைத் திருத்தினா குறிப்பு போடணுமா?

வண்ணை லேஅவுட்:
எம்.சி.ரோடு ஜவுளிக்கடை ஒண்ணுக்கு ஏரியா மாத இதழ்ல முழுப்பக்க ஆடித் தள்ளுபடி விளம்பரம். மாடல் இடுப்பைக் குறைக்கணும், முகப்பருவைத் துடைக்கணும், மெரூன் பட்டுச் சேலையை இன்னும் சிவப்பா ஏத்தணும்னு கேக்குறாங்க. 'திருத்தப்பட்ட படம்'னு போடச் சட்டம் இருக்கா? நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் காகிதம்), நாலு கலர்.

ராயபுரம் ரூல்ஸ்:
உடம்பைத் திருத்தினதைச் சொல்லணும்னு இங்க தனிச் சட்டம் இல்ல. பிரான்ஸ்ல 2017 அக்டோபர் 1லேருந்து இருக்கு: விளம்பரப் படத்துல உருவத்தை ஒல்லியாவோ பருமனாவோ மாத்தினா குறிப்பு கட்டாயம், மீறினா 37,500 யூரோ அபராதம். பரு, முடியெல்லாம் அதுல வராது. இஸ்ரேல்ல குறிப்புக்கே விளம்பரப் பரப்புல 7 சதவீதம் ஒதுக்கணும்.

உங்களுக்குச் சிக்கல் இடுப்புல இல்ல ப்ரோ, மெரூன்ல. விக்கிற பொருளையே வேற மாதிரி காட்டினா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரை. 'நிறம் மாறலாம்'னு அடியில போட்டுத் தப்பிக்க முடியாது. தப்பான விளம்பரத்தைக் குறிப்பால சரிகட்டக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட 2022 வழிகாட்டுதல்லயே இருக்கு.

தண்டையார்பேட்டை ப்ரீபிரஸ்:
சிவப்பை ஏத்துறதே தப்புன்னு இல்ல. நியூஸ்பிரிண்ட்ல மை ஊறிப் பரவும், மெரூன் காப்பிக்கொட்டை கலருக்குப் போயிடும். ஒரே இடத்துல விழுற நாலு கலர் மையோட சதவீதத்தையும் கூட்டினா 240ஐத் தாண்டாமப் பாருங்க, கறுப்பைக் குறைங்க. அப்புறம் அதே தாள்ல ப்ரூஃப் (மாதிரிப் பிரதி) எடுத்து, நிஜச் சேலையைப் பக்கத்துல விரிச்சுப் பகல் வெளிச்சத்துல ஒப்பிடுங்க. டியூப்லைட்டை நம்பாதீங்க. துணியோட ஒத்துப்போனா அது திருத்தம், துணியை மிஞ்சினா ஏமாத்து.

இடுப்பைத் தொட்டே ஆகணும்னா ஃபோட்டோஷாப்ல லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டா (மூலப்படம் அழியாத மாதிரி) மாத்திட்டு, உருவத்தை இழுத்து மாத்துற லிக்விஃபை போடுங்க, எவ்வளவு குறைச்சீங்கன்னு பின்னாடி திறந்து காட்டலாம். ஜரிகை பார்டரையும் கொசுவத்தையும் ஃப்ரீஸ் மாஸ்க்ல நகராமப் பூட்டுங்க. கட்டம் போட்ட சேலைன்னா விட்டுடுங்க, இடுப்புகிட்ட கட்டம் நெளிஞ்சு காட்டிக் கொடுத்துடும்.

வண்ணை லேஅவுட்:
சரி சார். நாங்களா விரும்பி ஒரு குறிப்பு போட்டா? அடுத்த பக்கம் ஃபேஸ் க்ரீம் விளம்பரமும் இருக்கு.

தண்டையார்பேட்டை ப்ரீபிரஸ்:
வெள்ளைப் பட்டையில கறுப்பு மை மட்டும், 8 பாயிண்டுக்குக் குறையாம. படத்து மேல வெள்ளை எழுத்து வேணாம். நாலு கலருக்கான நாலு அச்சு பிளேட்ல ஒண்ணு நகர்ந்தாலும் புள்ளி காணாமப் போகும், ணகரச் சுழியெல்லாம் அடைஞ்சுடும்.

ராயபுரம் ரூல்ஸ்:
விளம்பர வாசகம் தமிழ்னா குறிப்பும் தமிழ்லயே வேணும். க்ரீம் கணக்கே வேற. அங்க விக்கிற சரக்கே தோல்தான். சேலை விளம்பரத்துல பருவைத் துடைச்சா யாரும் கேக்க மாட்டாங்க, க்ரீம் விளம்பரத்துல அதே பரு பொய்யாயிடும். அந்தப் படத்துல பருவைத் துடைக்கிற ஹீலிங் பிரஷை எடுக்கவே எடுக்காதீங்க.