ஈயச்சொம்பு, உரியும் பெயிண்ட், தண்ணீர், மஞ்சள்: எதை முதலில் கவனிப்பது?

முத்தியால்பேட்டைவாசி:
புதுச்சேரியில் பழைய ஓட்டு வீடு. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் 2 வயதுக் குழந்தை. கதவு, ஜன்னல் பெயிண்ட் உப்புக்காற்றில் செதில் செதிலாக உரிகிறது; அடுத்த மாதம் சுரண்டிப் புதிதாக அடிக்கப் போகிறோம். ரசம் ஈயச்சொம்பில்தான். பித்தளை அண்டாவுக்கும் ஈயம் பூச வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 380 காட்டுகிறது, பயமில்லை என்கிறார்கள். காரீயம் (லெட்) உடம்பில் சேராமலிருக்க எதை முதலில் பார்ப்பது? சொம்பு அசலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

உலோகப்பித்து:
இரண்டு உலோகத்தையும் 'ஈயம்' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. ரசத்துக்கு உரியது வெள்ளீயம், விஷம் காரீயம். வெள்ளீயம் விலை பல மடங்கு அதிகம், அதனால்தான் கலப்படம்.

வீட்டில் செய்யக்கூடியது அடர்த்திச் சோதனை. சொம்பை ஈரமில்லாமல் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி சமையல் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியோ ஓரமோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். உள்ளே காற்று தங்கினால் கணக்கு கெடும், சாய்த்து மூழ்கடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு, மில்லியில். எடையை அதால் வகுங்கள். வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. 400 கிராம் சொம்புக்கு 55 வந்தால் சரி. 47 வந்தால் அடர்த்தி 8.5, கம்பி பற்றவைக்கும் சால்டர் அளவுக்குக் காரீயம் இருக்கிறது.

ஒரு கிராம் கணக்கு:
முறை சரி. ஆனால் இது தோற்ற சொம்பைத்தான் காட்டிக்கொடுக்கும், தேறியதற்குச் சான்றிதழ் தராது. 2 சதவீதம் காரீயம் கலந்தால் அடர்த்தி 0.05 தான் ஏறும். தராசு ஒரு கிராம் பிசகினாலே 0.13 மாறிவிடும். புளியும் தக்காளியும் கொதிக்கும் ரசம் அந்தக் கொஞ்சத்தையும் கரைத்து இழுக்கும்.

ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தங்கம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி காரீயத்தையும் காட்டக்கூடியது. தங்கம், வெள்ளிக்கு மட்டும் அமைத்த கருவி என்றால் காரீயம் பட்டியலிலேயே வராது, கேட்டுவிட்டுப் போங்கள். அதுவரை ரசத்துக்கு எவர்சில்வர் போதும்.

அண்டாவுக்கு வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சுத்த வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும், சால்டர் 183 டிகிரியிலேயே ஓடிவிடும். பூசுகிறவருக்கு அது வசதி, உங்களுக்கு இல்லை.

வாட்டர்பேப்பர்:
நான் முதலிடம் கொடுப்பது பெயிண்டுக்கு. ரசம் குழந்தைக்கு இரண்டு கரண்டி. தூசி நாள் முழுக்கத் தரையில் கிடக்கும். வீட்டு பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எல்லாமே சந்தேகம்தான், மஞ்சளும் ஆரஞ்சும் இன்னும் கூடுதலாக.

காய்ந்த உப்புத்தாள், மிஷின் சாண்டர், நெருப்பு காட்டி உரிப்பது, மூன்றும் வேண்டாம். தூசியும் புகையும்தான் உள்ளே போகிறது. குழந்தையை வேலை முடியும்வரை வேறு வீட்டில் விடுங்கள். கதவடியில் பாலித்தீன் ஷீட் விரித்து ஓரங்களில் டேப் ஒட்டி, துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் நனைத்து, நனைத்த இடத்தை மட்டும் பட்டி பிளேடால் சுரண்டுங்கள். பிறகு வாட்டர் பேப்பர், அதையும் ஈரமாகவே. கெட்டியாக ஒட்டியிருக்கும் பகுதியைத் தொடாமல் மேலேயே அடித்துவிடலாம். அடிக்கடி திறந்து மூடுகிற ஜன்னல் சட்டத்தில் மட்டும் அது நிற்காது, உராய்ந்து மறுபடி தூசியாகும். அங்கே முழுக்க எடுங்கள்.

துடைப்பம் எடுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் துணியை முக்கித் துடைத்து, வேறு வாளியில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். அழுக்குத் தண்ணீர் கழிவறைக்குள், முருங்கை மரத்தடிக்கு அல்ல. வேலை செய்பவர் என்95 முகக்கவசம் போடட்டும், அன்றைய துணியைத் தனியாக அலசட்டும். கம்பி கிரில்லுக்குத் தொழிற்சாலை எனாமல் மலிவு என்று கொடுப்பார்கள். 90 பிபிஎம் விதி அதற்குப் பொருந்தாது. டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

தேவனாம்பட்டினம் கரை:
தண்ணீருக்கு வருகிறேன். டிடிஎஸ் 380 என்றால் லிட்டரில் 380 மில்லிகிராம் உப்புகள். காரீயத்துக்கு இந்தியத் தர வரம்பு 0.01 மில்லிகிராம். அது பத்து மடங்கு தாண்டினாலும் மீட்டர் 380 தான் காட்டும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரை காலையில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவது குடிக்க. பரிசோதனைக்கு மட்டும் அந்த முதல் தண்ணீரையே எடுங்கள். ஆய்வகத்தில் 'கன உலோகம்' என்று சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் காரீயத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இந்தக் கரையில் இன்னொன்று: வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. அது அசல் காரீயம். சமையல் அடுப்பில் உருக்கி வார்ப்பதும், தூண்டில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதும் கூடவே கூடாது. உருகும்போது மேலே படியும் சாம்பல்தான் கையிலும் துணியிலும் ஏறி வீட்டுக்குள் வரும்.

விரலி மஞ்சள் பளபளவென்று ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள். லெட் குரோமேட் என்ற காரீய மஞ்சள் சாயம் பூசியதைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் உடனே நிறம் பிரிந்து இறங்கும். மங்கலான, மேடுபள்ளமான விரலியை வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி:
நன்றி. சொம்பை இன்றே எடுத்து வைத்துவிட்டோம். குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை தேவையா?

ஒரு கிராம் கணக்கு:
எடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது 2021 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக் காட்டும், கை ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது குறைந்த குழந்தை காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். பெயிண்ட் வேலைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் முன்பே சேர்ந்திருந்ததா, வேலையில் பறந்த தூசியா என்று பிரிக்க முடியாது.