வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை என்றால் பிஎச்.டி. ஸ்காலர் தினமும் என்னதான் செய்வார்?

டெல்டாப்பொண்ணு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மன்னார்குடி பக்கம். எம்.ஏ. வரலாறு முடித்து, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப்.பும் (ஆய்வு மாணவருக்கான மாத உதவித்தொகை) வாங்கிவிட்டேன். சென்னையில் முழுநேர பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை.

யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளை எல்லாம் படித்துவிட்டேன். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, கோர்ஸ் ஒர்க் (ஆரம்பத்தில் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) 12 கிரெடிட் என்பதெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதது வேறு. கோர்ஸ் ஒர்க் முடிந்த பிறகு காலையில் எழுந்து எங்கே போவீர்கள்? கைடை அடிக்கடி பார்க்க வேண்டுமா, அவர் கூப்பிடும்போது போனால் போதுமா? ஃபெலோஷிப் பணம் சென்னைக்குப் போதுமா? "அஞ்சு வருஷம் அங்க போயி என்னம்மா பண்ணுவ?" என்று அப்பா கேட்டார். நான் முழித்துக்கொண்டு நின்றேன். சிரிக்காமல் சொல்லுங்கள்.

குடுவைக்காரன்:

நான் வேதியியல், நான்காம் வருடம். எங்கள் நாளை ரியாக்‌ஷன்தான் தீர்மானிக்கும். காலையில் போட்டுவிட்டால் அரை மணிக்கு ஒரு முறை டி.எல்.சி. (எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். முடிந்ததும் கலவையைப் பிரிக்க காலம் (column) போட்டு ஒவ்வொரு சோதனைக்குழாயாகப் பிடிக்க வேண்டும். என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) ஸ்லாட் இரவு இரண்டு மணிக்குக் கிடைத்தால் அதற்கும் போகத்தான் வேண்டும். கைடு தினமும் லேபுக்குள் வருவார், செருப்புச் சத்தம் கேட்டதுமே எல்லோர் ஃபோனும் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஆக, "எங்கே போவது" என்ற கேள்வியே எங்களுக்குக் கிடையாது. வரலாறு ஸ்காலர்களை நான் டீக்கடையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டுப்பிரிப்பவள்:

டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் வேலைதான் நடக்கிறது தம்பி, உங்களுக்குத் தெரியாது.

டெல்டாப்பொண்ணு, நான் வரலாறு, ஐந்தாம் வருடம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் அரசு நடத்திய நிவாரண வேலைகள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கைடோ துறையோ உங்கள் நாளுக்கு ஒழுங்கு போட்டுத் தர மாட்டார்கள். காப்பகக் கதவு திறந்து மூடும் நேரம்தான் அதைச் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் ஓரளவு தானாக அமைந்துவிடும் என்பது என் அனுபவம்.

என் வாரத்தையே சொல்கிறேன். நான் இருப்பது திருவல்லிக்கேணியில், ஒரு பெண்கள் விடுதியில். வாரத்தில் பாதி நாள் எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அரசு அலுவலக நேரம்தான் அங்கே, அதனால் காலையில் இட்லியை வாயில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். முதலில் அந்தந்த வருடத்துக்கான இண்டெக்ஸை எடுத்து உட்கார வேண்டும். வருவாய்த் துறை, பொதுத் துறை, நீதித் துறை என்று தனித்தனியாக இருக்கும். அதில் உங்களுக்கு வேண்டிய ஜி.ஓ. (அரசாணை) எண்ணையும் தேதியையும் கண்டுபிடித்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆவணக் கட்டு வரும். அதைப் பிரித்தால் நீங்கள் எதிர்பார்த்தது இருக்கலாம், ஒரு தாசில்தாரின் விடுப்பு விண்ணப்பமும் இருக்கலாம். அந்தக் காலத்துக் காகிதம், புரட்டும்போதே ஓரம் உதிரும். பேனாவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுப் பென்சிலில்தான் எழுதுவேன். மாஸ்க் கட்டாயம். கொரோனாவுக்கு முன்பே மாஸ்க் போட்ட கூட்டம் நாங்கள்.

ஒன்றுமே கிடைக்காத நாட்கள் நிறைய வரும். அதற்காகத்தான் கன்னிமாரா பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியக வளாகம், நடந்தே போய்விடலாம். 1896-ல் திறந்த நூலகம். நாட்டில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி சட்டப்படி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால், வேறெங்கும் கிடைக்காத பழைய அச்சுப் புத்தகம்கூட அங்கே அகப்படும். மத்தியானத்துக்கு மேல் காப்பகத்தில் தூக்கம் வந்தால் அங்கே போய்விடுவேன்.

வாரத்தில் ஒரு நாள் தரமணி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் சேர்த்து வைத்த தொகுப்பு அது. அவர் விளம்பரப் பலகை வரையும் ஓவியர். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து 1994-ல் நூலகமாக்கியது. பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சமையல் குறிப்பு என்று அங்கே இல்லாதது குறைவு. அரசாங்கம் பஞ்சத்தைப் பற்றி என்ன எழுதியது என்பது எழும்பூரில் கிடைக்கும். ஜனங்கள் என்ன பாடினார்கள் என்று தெரிய வேண்டுமானால் இந்த மாதிரித் தொகுப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

தரமணிக்குப் பறக்கும் ரயில். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். அந்த ரயில் பாதி தூரம் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மேலேதான் ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டை வெட்டியது 1877-78-ல், பஞ்ச நிவாரண வேலையாக. கூலி எவ்வளவு தரலாம் என்று அப்போது பெரிய சண்டை. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதை வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிக்கிறவன் உயிரோடு இருக்க முடியாது என்று திருப்பி எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தைக் காலை முழுக்கப் படித்துவிட்டு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பது ஒரு மாதிரியாக இருக்கும். பழகிவிடும் என்றார்கள். அவ்வளவாகப் பழகவில்லை.

மிச்ச நாள் துறையில். எங்கள் ரிசர்ச் ரூமில் நான்கு மேசை, ஏழு பேர், ஒரு பிளக் பாயிண்ட். இளங்கலை, முதுகலைப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். வாரம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் என்று விதியிலேயே இருக்கிறது, சந்தோஷமாக எடுங்கள். அதற்கு மேல் போனால், விடைத்தாள், செமினார் பந்தல், விருந்தினருக்கு பொக்கே என்று நீண்டுகொண்டே போகும். பணிவாக, சிரித்த முகத்தோடு, "சார், காப்பகத்தில் கட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பழகுங்கள். இதை யாரும் கோர்ஸ் ஒர்க்கில் சொல்லித் தர மாட்டார்கள்.

கைடு விஷயம். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் ஒரு செமஸ்டர் ஓடிவிடும். ஆலோசனைக் குழு செமஸ்டருக்கு ஒரு முறை கூடும், அங்கே இரண்டு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு பக்கமாவது எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "யோசித்துக்கொண்டிருக்கிறேன் மேடம்" என்றால் அவரும் யோசிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். எழுதிய பக்கம் கையில் இருந்தால், திட்டுவதற்காகவாவது அதைப் படித்தாக வேண்டும். சேருவதற்கு முன்பே ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம்) உங்கள் கைடின் பழைய மாணவர்களின் ஆய்வேடுகளைத் தேடிப் படித்துவிடுங்கள். அவர் எதை ஏற்றுக்கொள்வார், எத்தனை அத்தியாயம் எதிர்பார்ப்பார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பணம். 2023-லிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000. இரண்டு வருடம் கழித்து மதிப்பீடு முடிந்தால் அதற்கு அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப்., 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. நம் மாதிரிக் கலைத் துறைகளுக்குக் கான்டின்ஜென்சி (ஆய்வுச் சில்லறைச் செலவுக்கான தொகை) முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000, அப்புறம் 20,500. தொகை போதும், தாராளமாகவே போதும். மாதாமாதம் வந்தால்! துறை அலுவலகத்தில் ஒருவர் வருகையை ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் மேலே போகும். இதில் யாராவது ஒருவர் லீவில் போனால் உங்கள் மாதச் சாப்பாடும் லீவில் போகும். முதல் தொகை வரவே பல மாதம் ஆகலாம், வரும்போது மொத்தமாக வரும். அதனால் முதல் அரியர் வந்ததும் செல்போன் வாங்காதீர்கள். மூன்று மாதச் செலவை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் பில்லைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம், கான்டின்ஜென்சிக்குக் கேட்பார்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது, அது பெரிய உதவி. மாதக் கடைசியில் அம்மா உணவகமும் இருக்கிறது. ஒரு ரூபாய் இட்லி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளி வாழ்க்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் கஷ்டம். கூடப் படித்தவர்கள் வீட்டுக் கடன் வாங்கியிருப்பார்கள். ஊருக்குப் போனால் "இன்னும் படிப்பு முடியலையா" என்பார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் விடுதி மெஸ்ஸை மூடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஐந்தாறு பேர் யாராவது ஒருவருடைய அத்தியாயத்தைப் படித்துக் கிழிப்போம். பஜ்ஜி செலவு எழுதியவருடையது. அந்த மாதிரி ஒரு கூட்டத்தை முதல் வருடத்திலேயே தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள், வேறு துறை ஆட்களாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பாவுக்கு என்ன சொல்வது என்றால், தலைப்பைச் சொல்லுங்கள். என் அப்பா நெசவு. "தாது வருஷப் பஞ்சம்" என்றதும் அவர் தறியை நிறுத்திவிட்டு, அவருடைய பாட்டி சொன்னதை எல்லாம் எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு ஐந்து வருடம் என்ன செய்வாய் என்று கேட்டதில்லை. எப்போது முடிப்பாய் என்று மட்டும் கேட்கிறார்.

டெல்டாப்பொண்ணு:

அக்கா, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. என் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை, காவிரி டெல்டாவில் பண்ணையாள் முறை பற்றிச் செய்ய ஆசை. தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பாவிடம் இன்றைக்குப் பேசுகிறேன்.

இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் ஓடுகிறது. நடுவில் கல்யாணம் ஆனால் எல்லாம் போய்விடுமா?

சேலத்து டீச்சர்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்கிறேன், இரண்டு பிள்ளைகள். 2022 விதிமுறைப்படி ஆறு வருடத்துக்கு மேல் மறுபதிவுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு வருடம், மொத்தம் பத்து வரை போகலாம். மகப்பேறுக்கும் குழந்தை பராமரிப்புக்கும் சேர்த்து 240 நாள் விடுப்பு உண்டு. காகிதத்தில் வழி நன்றாகவே இருக்கிறது. வீட்டில்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பேச்சு வார்த்தையில் "படிக்க வைப்போம்" என்று எல்லோரும் சொல்வார்கள். "வாரத்தில் நான்கு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன்" என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், அப்போது முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். என் அத்தியாயங்கள் எல்லாம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுதியவை. யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கட்டுப்பிரிப்பவள்:

டீச்சர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு இன்னும் ஆகவில்லை. ஒரு யோசனை மட்டும்: கோர்ஸ் ஒர்க்கும் தலைப்புப் பதிவும் முடியட்டும் என்று ஒரு வருடம் தவணை கேளுங்கள். முழுசாக மறுப்பதைவிட அது எளிதாக நடக்கும்.

பண்ணையாள் என்றால் 1952 தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பிடித்துப் பின்னால் போகலாம். தாத்தா காலத்து ஆட்கள் ஊரில் இருந்தால், சென்னைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். ஃபோன் போதும். பெயர், ஊர், தேதி, பதிவு செய்யச் சம்மதம், நான்கையும் ஆரம்பத்திலேயே அவர்கள் குரலில் கேட்டு வாங்குங்கள். கட்டுகள் காத்திருக்கும், அவர்களுக்கு வயதாகிவிட்டது.

குடுவைக்காரன்:

எல்லாம் சரி, மைக்ரேஷன் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? சேரும்போது கேட்பார்கள்.

டெல்டாப்பொண்ணு:

மைக்ரேஷனா? டி.சி. மட்டும்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.

குடுவைக்காரன்:

அது வேறு, இது வேறு. எம்.ஏ. படித்த பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாளைக்கே கட்டணம் கட்டிவிடுங்கள்.