பச்சிளம் குழந்தையுள்ள வீட்டில் எதைக் கூர்ந்து கவனிப்பது?

கேள்வி: களப்பணி மாணவி
சமூகப்பணி முதுகலை பயில்கிறேன். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவருடன், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் சென்றுவருகிறேன். குழந்தை துன்புறுத்தப்படக்கூடிய வீட்டின் அடையாளங்களாக வறுமை, குடி, இளவயதுத் திருமணம், அடிபட்டு வளர்ந்த பெற்றோர் ஆகியவற்றைப் பாடநூல் அடுக்குகிறது. இவற்றில் ஒன்றேனும் இல்லாத வீடு எங்கள் பகுதியில் அரிது. எல்லோரையும் சந்தேகிப்பதா?

மறுமொழி: குழந்தைகள் பிரிவுச் செவிலியர்
முதலில் தாய் உறங்குகிறாரா என்று கேளுங்கள். பிறந்த சில வாரங்களில் ஏறத் தொடங்கும் அழுகை ஆறு முதல் எட்டு வாரங்களில் உச்சத்தைத் தொடுகிறது. என்ன செய்தாலும் அடங்காத அந்த இரவுகளில்தான், கைமாற்ற ஆளில்லாதவர் பொறுமையிழந்து குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுகிறார். எங்கள் பிரிவுக்கு ஒருமுறை மூன்று மாதக் குழந்தை வந்தது. கன்னத்தில் விரல் தடம். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததாகச் சொன்னார்கள்; இன்னும் குப்புறவே விழாத குழந்தை எப்படி உருளும்? அறைந்தது தான்தான் என்று பிறகு அழுதுகொண்டே சொன்ன அந்தப் பெண், தாய் வீட்டிலிருந்து திரும்பிப் பத்து நாள்களே ஆகியிருந்தன. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் தமிழிலும் உள்ளன, கற்றுவையுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பேராசிரியர்
அடிபட்டவர் அடிப்பார் என்பதை விதியாகக் கொள்ளாதீர்கள். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காஃப்மன், ஸிக்லர் இருவரும் 1987இல், அவ்வாறு தொடர்பவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே என்று மதிப்பிட்டனர். வறுமை உண்மையான காரணிதான். ஆயினும் வசதியுள்ள வீட்டுக் காயங்கள் பதிவேட்டுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது கணவன் மனைவியை அடிக்கும் வீட்டைக் கண்டுதான். அமெரிக்காவின் எல்மைரா நகரில் 1977இல் தொடங்கிய திட்டத்தில், செவிலியர்கள் கருவுற்ற காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை வீடு தேடிச் சென்றதால் துன்புறுத்தல் குறைந்தது. ஆனால் தாய் அடிக்கடி அடிபட்டுவந்த வீடுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

களப்பணி மாணவி:
மாமியார் பக்கத்திலேயே அமர்ந்திருக்கையில் இதை எப்படிக் கேட்பது, ஐயா?

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:
அங்கே கேட்கவே கேட்காதீர்கள்; அந்தப் பெண்தான் பின்னர் அதற்கு விலை கொடுப்பாள். எடை பார்க்க அங்கன்வாடிக்கு வரும் நாளில், குழந்தையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு தனியே பேச்சுக்கொடுங்கள். குழந்தையின் உடலில் காயம் கண்டால் மட்டும் அந்த நாளுக்காகக் காத்திராமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.