ராத்திரியில மட்டும் ட்ரிப் ஆகுற டிரைவ்

கப்பலூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. ஈரத்துணி பிழியுற ஹைட்ரோ மெஷின், 15 ஹெச்பி மோட்டார், டிரைவ்ல (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) ஓடுது. பகல் ஷிப்ட்ல ஒரு தொந்தரவும் கிடையாது. ராத்திரி பதினொண்ணுக்கு மேல ஸ்டாப்பை அழுத்தினா ஓவர் வோல்டேஜ்னு ட்ரிப். எனக்கு முன்னாடி பார்த்தவர் டிரைவே போச்சுன்னு சொல்லிட்டார். முதலாளி கையில புது டிரைவுக்கான கொட்டேஷன்.

நான் பகல்ல போனது மடத்தனம். மூணு மணி நேரம் நின்னும் ஒரு ட்ரிப் வரல. ஃபால்ட் ஹிஸ்டரியைத் தட்டிப் பார்த்தா, அத்தனையும் வேகம் இறங்கும்போது வந்தது. ஓடும்போது ஒண்ணுகூட இல்ல. கூடை நிறைய ஈரத்துணி சுத்தும்போது வேகத்தை இறக்கினா, மோட்டாரே ஜெனரேட்டராகி கரண்டை டிரைவுக்குள்ள திருப்பித் தள்ளும், உள்ள சார்ஜைத் தேக்கி வைக்கிற டிசி பஸ்ல வோல்டேஜ் ஏறும். சரி, பகல்லயும் அதே கூடை, அதே துணிதானே?

ஆபரேட்டர் அண்ணன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, "ராத்திரி இந்த ஃபேனைப் பாருங்க சார், பிச்சுக்கிட்டு சுத்தும்"னார்.

அன்னைக்கு ராத்திரி மீட்டரோட உட்கார்ந்தேன். பகல்ல 415 காட்டின லைன் பன்னிரண்டு மணிக்கு 468. டிசி பஸ்ல அது 1.414 மடங்கு: பகல்ல 587, ராத்திரி 662. அந்த டிரைவ் 800-ல ட்ரிப் ஆகும். பகல்ல 213 வோல்ட் இடம் இருந்துச்சு, ராத்திரி 138தான். நிக்குறதுக்கு வச்சிருந்த நேரமோ வெறும் 20 செகண்ட்.

கோடையில வோல்டேஜ் தொங்குதுன்னு அவங்க டிரான்ஸ்ஃபார்மர்ல டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற இணைப்பு) மாத்தி வோல்டேஜை ஏத்தியிருக்காங்க, அப்புறம் யாரும் தொடல. லோடு குறையுற ராத்திரியில அது இன்னும் ஏறிடுது. ஷட்டவுன் எடுத்து அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். பகல்ல இப்ப 395 வருது, மோட்டாருக்குப் போதும். நிக்குற நேரத்தை 45 செகண்ட் ஆக்கினேன். திரும்பி வர்ற கரண்டைச் சூடாக்கித் தீர்க்கிற பிரேக் ரெசிஸ்டர் போட்டா சீக்கிரம் நிக்கும்னும் சொன்னேன். முதலாளி கொட்டேஷனை மடிச்சு சட்டைப்பையில வச்சதோட சரி.

—

அண்ணே, எனக்கு வாடிப்பட்டி பக்கம் ஒரு மில்லுல இதுக்கு நேர் எதிர். ட்ரிப்பே இல்ல, ஆனா ஸ்டாப் அழுத்தினா மெஷின் சாவகாசமா நிக்குது. ரெசிஸ்டர் புதுசு, ஓம்ஸ் சரியா இருக்கு. அஞ்சாறு தடவை நிறுத்திட்டு கையைப் பக்கத்துல கொண்டுபோனா, பஞ்சு ஒட்டுன கவர் ஜில்லுனு இருக்கு! அப்புறம்தான் பாராமீட்டரைப் பார்த்தேன். ஓவர் வோல்டேஜ் ஸ்டால் ஆன்ல கிடந்துச்சு. பஸ் ஏற ஆரம்பிச்சதுமே அது நிக்குற நேரத்தை இழுத்துடுது, ரெசிஸ்டருக்கு வேலையே வரல. ஆஃப் பண்ணினேன், அடுத்த ஸ்டாப்லயே கவர் சுட்டுச்சு.

—

ரெண்டு பேரும் கவரைத் திறந்து டிசி பஸ்ல மீட்டர் வச்சிருப்பீங்க. டிஸ்ப்ளே அணைஞ்சா பஸ் காலின்னு நம்பிடாதீங்கப்பா. மேலூர்ல ஒரு கிரானைட் பட்டறையில பவரை ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, டெர்மினலைக் கழட்டப் போயிட்டேன். முனை உருகுன அந்த ஸ்க்ரூடிரைவர் இன்னும் டூல் பையிலதான் கிடக்கு. இப்பல்லாம் பத்து நிமிஷம் கழிச்சு, பிளஸ் மைனஸ்ல மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கிறது.