ஜிபிஎஸ்ஸில் மெமரி கார்டு போய்விட்டது, பார் பாயிண்டுகளைத் திரும்ப எடுக்க முடியுமா?

கடற்கரைக்காரன்:
வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் பைபர் படகில் தூண்டில் தொழில். அப்பா வாங்கிய கையடக்க ஜிபிஎஸ்தான் இன்னும் ஓடுகிறது, கார்மின் 78எஸ். போன வியாழக்கிழமை கரைக்கு வரும் வழியில் பார்த்தால் மேப் இல்லை. வெறும் வெள்ளைத் திரையில் கரைக்கோடு மட்டும் தெரிகிறது. அதைவிடப் பெரிய அடி, பாயிண்டுகளில் (சேமித்து வைத்த இடக்குறிகளில்) கிட்டத்தட்ட பாதியைக் காணோம். களவா, விளமீன் பிடிக்கிற பார் (கடலடிப் பாறைத் திட்டு) எல்லாம் அதில்தான் இருந்தன.

வீட்டில் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி ஸ்பிரிங் ஒன்றில் பச்சைக் களிம்பு. கார்டு உட்காரும் தகட்டைச் சுற்றி உப்புப் பூத்திருக்கிறது. 8 ஜிபி கார்டின் தங்க நிறப் பட்டைகளில் ஒன்று கறுத்துப்போயிருக்கிறது. லேப்டாப்பில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை.

தூக்கிப்போட்டுவிட்டு 128 ஜிபி கார்டு வாங்கு என்கிறான் மச்சான். பாயிண்ட் போனால் கார்டு எதற்கு? கடையில் கொடுக்கவும் மனசில்லை. டவுனில் ஒருவரிடம் கொடுத்து, அடுத்த வாரம் நம் பாரில் நாலு படகு நின்ற கதை இங்கே உண்டு. நானே செய்கிற மாதிரி வழி சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:
தம்பி, ஃபார்மேட்டை அழுத்தாமல் வந்தீர்களே, அதுவே பெரிய காரியம். கார்டைக் கழற்றித் தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். மறுபடி மறுபடி லேப்டாப்பில் செருகிப் பார்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். படகில் நின்று 'மார்க்' அழுத்திச் சேமித்த பாயிண்டுகள் கார்டுக்குப் போவதில்லை. இந்தக் கருவிக்கு உள்ளேயே 1.7 ஜிபி நினைவகம் இருக்கிறது, அவை அங்கேதான் உட்காரும். கணினியிலிருந்து யாராவது கார்டுக்குள் போட்ட பாயிண்டுகள்தான் கார்டோடு போகும். திரையில் இரண்டும் ஒரே பட்டியலாகத் தெரிவதால் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. உங்களுக்குப் பாதி காணோம், பாதி இருக்கிறது என்றால் அநேகமாக இதுதான் காரணம்.

கார்டு இல்லாமலே மினி யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். பென்டிரைவ் போல ஒரு டிரைவ் வரும். உள்ளே 'கார்மின்' ஃபோல்டர், அதற்குள் 'ஜிபிஎக்ஸ்' ஃபோல்டர். தேதி போட்ட பெயர்களில் கோப்புகள் இருக்கும், பாயிண்டுகள் அவற்றில்தான். ஒவ்வொன்றாகப் பொறுக்காதீர்கள், 'கார்மின்' ஃபோல்டர் மொத்தத்தையும் நகல் எடுங்கள். ஒன்று லேப்டாப்பில், இன்னொன்று பென்டிரைவில். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

யாராவது கணினி வழியாகப் பாயிண்ட் போட்டுக் கொடுத்தார்களா? யோசித்துச் சொல்லுங்கள். மேப் கம்பெனிக் கார்டாக வந்ததா, யாராவது ஏற்றியதா என்பதும் தெரிய வேண்டும்.

கடற்கரைக்காரன்:
அண்ணே, நகல் எடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்தேன், 412 பாயிண்ட் பத்திரமாக இருக்கிறது. அப்பா மார்க் செய்தது, நான் மார்க் செய்தது எல்லாம் வந்துவிட்டது. இப்போதுதான் மூச்சு வருகிறது.

காணாமல் போனது சித்தப்பாவுடையது. மூன்று வருடம் முன்னால் அவர் தொழிலை விட்டபோது, அவர் ஜிபிஎஸ்ஸிலிருந்து அவர் மகன் லேப்டாப் வழியாக எடுத்துப் போட்டுக்கொடுத்தான். கார்டில் போட்டிருக்கிறான். சித்தப்பாவின் பழைய கருவியோ விற்றாகிவிட்டது, லேப்டாப்பும் மாறிவிட்டது. மேப்பும் அவன் ஏற்றிய இலவச மேப்தான்.

சோல்டரிங் சுந்தரம்:
மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். (பாயிண்ட் திருடும் ஆள் இல்லை, எனக்கு நீச்சலே தெரியாது.)

கார்டை முதலில் சுத்தம் செய்யுங்கள். எல்லோரும் நேரே ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தை எடுப்பார்கள். உப்பு அதில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் காதுக்குச்சியை நனைத்து, பிழிந்துவிட்டு, பட்டைகளைத் துடையுங்கள். அப்புறம் ஐபிஏ தொட்டு ஒரு தடவை துடைத்தால் ஈரம் போய்விடும். கறுத்த பட்டையைப் பென்சில் ரப்பரால் இரண்டே இரண்டு தரம் மெதுவாகத் தேய்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு நகப்பூச்சை விட மெல்லியது.

கருவிக்குள்ளும் இதே முறை, பேட்டரி இரண்டையும் கழற்றிய பிறகு. கார்டை மூடும் தகடு கீல் போட்டது. ஒரு பக்கம் தள்ளினால் பூட்டுத் திறந்து மேலே எழும்பும். களிம்பு பிடித்த தகட்டைக் கத்தி வைத்து நெம்பாதீர்கள். கீழே இருக்கும் கம்பிகள் தலைமுடி கனம்தான். ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது, புதுக் கார்டு போட்டாலும் எடுக்காது. திரும்ப வைக்கும்போது தங்கப் பட்டை கீழே பார்க்க வேண்டும். அரிசிப் பானையில் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், மாவுதான் உள்ளே போகும்.

கார்டைத் துடைத்த பிறகு ரீடரில் போடுங்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டாலும் கொள்ளளவு 8 ஜிபி என்று சரியாகக் காட்டினால் நம்பிக்கை உண்டு. முதலில் கார்டு மொத்தத்தையும் ஒரே கோப்பாக இமேஜ் எடுத்துவிட்டு, அந்த இமேஜின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டுங்கள். தொலைந்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருள்தான், படம் மட்டுமல்ல மற்ற கோப்புகளையும் தேடும். சாகப்போகிற கார்டை நேரடியாகக் கிளறினால் வழியிலேயே செத்துவிடும். கொள்ளளவே காட்டவில்லை என்றால் எழுந்து போய் டீ குடியுங்கள், வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

வரைபடப்பித்தன்:
மச்சானிடம் சொல்லுங்கள், 128 வேண்டாம். 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் வரும், இந்தக் கருவிக்குப் புரிவது அதுதான். 64-உம் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், வைத்தால் கார்டே இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கும். 8 அல்லது 16 கிடைத்தால் அதுவே தாராளம். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ (கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிவிடுங்கள். 32 என்று அச்சிட்டு உள்ளே 4 மட்டும் இருக்கிற போலிக் கார்டு நிறையச் சுற்றுகிறது. முதல் 4 நிரம்பும் வரை நல்ல பிள்ளையாக நடிக்கும்.

உங்களுடையது இலவச மேப் என்பதால் கவலை இல்லை, புதிதாகவே இறக்கிப் புதுக் கார்டில் 'கார்மின்' ஃபோல்டருக்குள் போட்டால் போதும். கம்பெனி விற்கும் கடல் வரைபடக் கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்த வரைபடம் அந்தக் கார்டோடு பூட்டப்பட்டது. வேறு கார்டுக்கு நகல் எடுத்தால் கோப்பு வரும், மேப் வராது.

குளச்சல் பெரியவர்:
இந்தப் பிள்ளைகள் கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லையே.

பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அது புதுக் கருவிக்கு. மூடியைச் சுற்றி இருக்கும் கறுப்பு ரப்பர் வருடம் போகப்போக இறுகிவிடும். அதில் ஒரு மணல் துகள், ஒரு நைலான் இழை ஒட்டினாலே போதும், உப்புத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். யூஎஸ்பி குழியை மூடும் ரப்பரும் அப்படித்தான்.

நான் செய்வது இது. கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்கிறதுக்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பேன். பேட்டரி மாற்றுவது வீட்டில், காய்ந்த கையோடு, அதுவும் ஆஃப் செய்த பிறகுதான். கடலில் மாற்ற வேண்டி வந்தால் துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு மாற்றுவேன், பையன்கள் சிரிப்பார்கள். மாதம் ஒரு தரம் ரப்பரில் சிலிக்கான் கிரீஸ், விரல் நுனியில் பட்டும் படாமலும். மழை ஓய்வுக் காலத்தில் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டுவிடுவேன்.

சித்தப்பாவிடம் நோட்டு இருக்கிறதா என்று கேள். எங்கள் வயசுக்காரர்கள் நோட்டில் எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

கடற்கரைக்காரன்:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காற்று அடங்கியதும் கடலுக்குப் போய்விட்டேன்.

சுந்தரம் அண்ணாச்சி சொன்ன மாதிரி துடைத்தேன். 8 ஜிபி காட்டியது! இமேஜ் எடுக்கவே இரவு முழுக்க ஆனது, நடுவில் நின்று நின்று போனது. ஃபோட்டோரெக் ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பைக் கொடுத்தது, ஆனால் எதில் திறந்தாலும் பிழை என்கிறது. நோட்பேடில் திறந்தால் பாயிண்ட் பெயரும் எண்ணும் தெரிகின்றன, கடைசியில் பாதி வரியோடு அறுந்து நிற்கிறது.

பெரியவரே, நோட்டு இருந்தது! அரிசி டிரம்முக்குப் பின்னால். ஆனால் அதிலிருந்து ஒரு பாரைக் கருவியில் ஏற்றினால் மணப்பாட்டுப் பக்கம் கொண்டுபோய்க் காட்டுகிறது. சித்தப்பா அந்தப் பக்கம் போனதே இல்லையாம்.

வரைபடப்பித்தன்:
இரண்டுமே சரியாகும்.

கோப்பு: கடைசியில் பாதியாக நிற்கும் பாயிண்டை மட்டும் முழுதாக அழியுங்கள். நல்ல கோப்பு ஒன்றின் கடைசி வரியை, அதாவது முடிவுக் குறியை, அப்படியே இதன் கடைசியில் ஒட்டிச் சேமியுங்கள். திறக்கும்.

நோட்டு: பழைய ஆட்கள் பாகையும் நிமிடமுமாக எழுதுவார்கள், குறி போட மாட்டார்கள். உதாரணத்துக்கு (யாருடைய பாரும் இல்லை) 8 41.250 என்று எழுதியிருந்தால் அது 8 பாகை, 41.250 நிமிடம். அதை நீங்கள் 8.41250 பாகை என்று அடித்தால் 8 பாகை 24.75 நிமிடமாகிவிடும். வித்தியாசம் 16.5 நிமிடம். வடக்கு தெற்கில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். ஆக 30 கிலோமீட்டர் தெற்கே தள்ளி நிற்பீர்கள். அமைப்பில் 'பொசிஷன் ஃபார்மேட்' போய்ப் பாகை-நிமிடத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள்.

கடற்கரைக்காரன்:
திறந்துவிட்டது அண்ணே. கோப்பிலிருந்து 131 வந்தது, மிச்சத்தை நோட்டைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறார். நேற்று அதில் ஒன்றுக்குப் போய்க் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி விட்டுப் பார்த்தோம், பார் தட்டியது.

புதுக் கார்டு 16 ஜிபி போட்டிருக்கிறேன், அதில் மேப் மட்டும். பாயிண்ட் எல்லாம் உள்ளே, நகல் இரண்டு பென்டிரைவில். ஒன்றைச் சித்தப்பா கேட்டு வாங்கி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

சுந்தரம் அண்ணாச்சி, ஸ்பிரிங்கில் களிம்பு போய்விட்டது, ஆனால் அந்த இடம் சொரசொரப்பாக இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

சோல்டரிங் சுந்தரம்:
ஓட்டலாம். படகு ஆடும்போது தானாக ஆஃப் ஆனால் மட்டும் ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளுங்கள்.